வெள்ளைப் படகா, நீலப் படகா

சரவணா, இதைக் கரையில் உட்கார்ந்து படி. படகில் ஏறிக் காலுக்குக் கீழே தரை ஆடிக்கொண்டிருக்கும்போது படிக்காதே. போன வாரம் போனில் பேசும்போது, "ஜெனிக்கு நீலம்தான் புடிச்சிருக்கும்மா. நானும் சரின்னுட்டேன். நீதான் ரெண்டுலயும் வந்த இல்ல, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாய். நான் "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. வீடு வாங்கப்போகிற பிள்ளைக்குச் சொல்ல எனக்கு எவ்வளவோ தெரியும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், சமையல்கட்டுக்கு வெயில் எப்போது வரும், பக்கத்து மனைக்காரன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துச் சொல்லிவிடுவேன். நீங்கள் இரண்டு பேரும் குடியிருப்பதற்கும் போட்டிக்குப் போவதற்கும் தேசம் விட்டுத் தேசம் போவதற்கும் சேர்த்து ஒரே பாய்மரப் படகை வாங்கப்போகிறீர்கள். அதைப்பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? பயம் ஒன்றுதான் தெரியும். அதையே சொல்கிறேன். கொச்சியில் அன்றைக்கு நீ தண்ணீரில் இருந்தாய். படகின் மேல் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. ஜெனி சொல்லமாட்டாள். நான் சொல்லாவிட்டால் நீ தெரியாமலே அந்த நீலப் படகை வாங்கிவிடுவாய்.

இந்தக் கடல் கிறுக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அப்பா இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறார். சேரப்பணஞ்சேரியில் நாம் இருக்கும் தெருவில் கடலைப் பார்த்தவர்களே மெரினாவுக்குப் போய் சுண்டல் தின்றுவிட்டு வந்தவர்கள்தான். ஒரகடத்தில் கார் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தபோது நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பஸ் வாசலுக்கு வரும், வேலை முடிந்தால் வாசலிலேயே இறக்கிவிடும். அங்கே உன் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போகிறவராக இருப்பார் என்று யார் கண்டது? ஒருநாள் ஆள் குறைகிறது என்று உன்னைக் கயிறு இழுக்கக் கூட்டிப்போனார். சாயங்காலம் நீ உப்புப் பூத்த சட்டையோடு வந்து, சோறு தின்னாமல், கையில் கயிறு அறுத்த இடத்தை என்னிடம் காட்டினாய். "இன்னாடா இது?" என்று நான் பதறினேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். பிறகு ஜெனியையும் கூட்டிப்போனாய். தூத்துக்குடியிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி, உன் கம்பெனியிலேயே தரம் பார்க்கும் பிரிவில் இருந்த பெண். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டீர்கள், வேலையை விட்டீர்கள், கொச்சிக்குப் போய் ஊரார் படகுகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் பயந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ, "பாத்துக்கலாம்மா" என்றாய்.

பயப்படுவது எனக்குப் புதிதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ சைக்கிளில் படப்பைப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களில்தான் இந்த ரோட்டை அகலப்படுத்தினார்கள். கார் ஏற்றிய லாரியும் கன்டெய்னர் லாரியும் நிற்காமல் போகும். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேரும்வரை நான் இந்தப் பக்கம் நின்றிருப்பேன். நடுவில் ஒரு லாரி வந்து மறைக்கும். அது நீளமான லாரி. கடந்து போகிற வரைக்கும் நீ இருக்கிறாயா இல்லையா என்று தெரியாது. லாரி போனதும் நீ எதிர்ப்பக்கம் நின்று கையைத் தூக்கிக் காட்டுவாய். உடனே எனக்குத் தெம்பு வந்துவிடும். இப்படியே உன்னை வளர்த்தேன். உன் அப்பாவுக்கு இந்தப் பயம் கிடையாது. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், அந்த ரோட்டிலேயே வாழ்கிறவர். நீ படகு வாங்கப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அவர் வடக்குப்பட்டு டீக்கடை வரைக்கும் செய்தி சொல்லிவிட்டார். "எம் புள்ள கப்பல் வாங்கறான். ரெண்டு ரூமு, கிச்சன், பாத்ரூம் எல்லாம் கீது. இன்ஜின் இல்லாமயே போவும்." கேட்கிறவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிக்கிறார். கொச்சியில் நடந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. உன்னோடு சேர்ந்து, "ஒன்னியும் ஆவல, நல்லா சுத்திப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

கொச்சிக்கு நான் வந்திருந்தபோது முதல் நாள் வெள்ளைப் படகில் என்னை ஏற்றினாய். முப்பத்தாறு அடி என்றாய். உனக்கு அதன்மேல் எவ்வளவு ஆசை என்பது நீ அதைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது. உயரமான பாய்மரம், கரகரவென்று காகிதம்போல் சத்தம் போடும் பாய், அகலமான பின்பக்கம். அந்தப் பின்பக்கம் மூடாமல் திறந்து, படிபோல இறங்கித் தண்ணீரைத் தொட்டது. "இன்னாடா, பின்னால கதவே இல்ல?" என்று கேட்டேன். "அலை உள்ள வந்தா அப்படியே வெளிய போயிடும்மா, அதுக்குத்தான்" என்றாய். அலை உள்ளே வருமா என்பதுதான் என் கவலை. உள்ளே இறங்கிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் மெலிசு. கதவு இருக்க வேண்டிய இடத்தில் துணி. அடுப்பு ஒரு பெட்டி அளவு. தண்ணீர்த் தொட்டி நம் வீட்டு டிரம்மைவிடச் சிறியது. ஜெனி என் பக்கத்தில் நின்று, "எதையாச்சும் வச்சா உருண்டு ஓடிரும் அத்தை, இதுல எப்படிச் சமைச்சுச் சாப்பிட?" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கட்சியில் நான் சேர்ந்த முதல் விஷயம் அதுதான்.

கடலுக்குள் போனதும் காற்று பிடித்து அந்தப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீ சொல்லித்தான் வைத்திருந்தாய். சாயும், பயப்படாதே, அடியில் கத்திபோல ஒரு ஈயக்கட்டை இறங்கியிருக்கிறது, அதன் கனம் நிமிர்த்திவிடும் என்று. சொன்னால் ஆச்சா? சுவரின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தேன். என் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. கம்பியைப் பிடித்த கையை நான் விடவேயில்லை. வாந்தி எடுத்தபோதும் விடவில்லை. நீ, "போவுது பாரும்மா, போவுது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்போது உன் தொப்பி காற்றில் பறந்து கடலில் விழுந்தது. சுக்கான் ஜெனியின் கையில் இருந்தது. அவள் உன்னைக் கூப்பிடக்கூட இல்லை. அந்தச் சுக்கான் கட்டையைத் தள்ளினாள், படகு இருந்த இடத்திலேயே திரும்பியது, பாய் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் நீ பின்படியில் குனிந்து தொப்பியை எடுத்துப் பிழிந்து தலையில் வைத்துக்கொண்டாய். நீங்கள் சிரித்தீர்கள். ஒரு தொப்பிக்காக இப்படித் திருப்ப வேண்டுமா என்று நான் மனசுக்குள் திட்டினேன். கரைக்கு வந்ததும், இந்தப் படகில் என் பிள்ளை குடியிருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் நீலப் படகு. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பெண்டாட்டியோடு பல வருஷம் குடியிருந்த படகு அது என்றும், உடம்பு முடியாமல் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்றும் சொன்னாய். ஏறியதும் எனக்குப் பிடித்துவிட்டது. கனமான மரக்கதவு, ஆழமான அலமாரிகள், சாய்ந்து உட்கார உயரமான முதுகுப் பலகை. அந்த அடுப்பை மறக்கமாட்டேன். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது ஊஞ்சல்போல் ஆடி நேராகவே நின்றது. ஓடுகிற படகில் ஜெனி அதில் டீ போட்டாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. சுற்றிலும் இடுப்பளவுக்கு அடைப்பு. தண்ணீர் எங்கேயோ கீழே இருந்தது. "வெள்ளை பைக்கு மாதிரி, இது லாரி மாதிரி" என்றாய் நீ. அடிக்கட்டை முன்னாலிருந்து பின்னால்வரை நீளமாக ஓடுகிறது, அதனால் ஆடாமல் அசையாமல் போகும், ஆனால் திரும்ப நேரமாகும், போட்டிக்கெல்லாம் லாயக்கில்லை என்றாய். போட்டி எதற்கு என்று நான் நினைத்தேன். மெதுவாகப் போகட்டும், பத்திரமாகப் போகட்டும். அன்றைக்கு மத்தியானம் அந்தப் படகில் உட்கார்ந்து புளிசாதம் தின்றேன். நீ ஜெனியைப் பார்த்து, "சரி, உனக்கு இதான் புடிச்சிருக்குன்னா இதையே எடுத்துக்கலாம்" என்றாய். உன் ஆசையை விட்டுக்கொடுத்துத்தான் சொன்னாய். அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

திரும்பி வரும்போது காற்று கூடியது. முன்பக்கத்துப் பெரிய பாயைச் சுருட்டப் பார்த்தீர்கள். கயிறு எங்கேயோ சிக்கிக்கொண்டு பாதி சுருண்டு நின்றது. நீ எழுந்து முன்னால் போனாய். வெயிலுக்கு மிதவைச் சட்டையைக் கழற்றி என் பக்கத்தில் போட்டிருந்தாய். "அத்த போட்டுக்கினு போடா" என்றேன். "இதோ வந்துட்டேம்மா, இது ஆடாது" என்றாய். ஒரு பெரிய சரக்குக் கப்பல் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அது எழுப்பிவிட்ட அலை அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆடாத படகு மூக்கைத் தூக்கிக் குத்தியது. பாய் உன்மேல் அடித்தது. நீ நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. சத்தம்கூட வரவில்லை. நான் உன்னைக் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது. ஜெனி முதலில் அந்த ஆரஞ்சு மிதவை வளையத்தைத் தூக்கி எறிந்தாள். காற்று அதை உன்னிடமிருந்து விலக்கிக்கொண்டு போனது. பிறகு என்னைப் பார்த்து, கத்தாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அத்தை, எந்திச்சு நில்லுங்க. ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிடுங்க. இன்னொரு கைய நீட்டி சரவணனக் காட்டிக்கிட்டே இருங்க. நான் அங்க பாக்க முடியாது, படகப் பாக்கணும். நீங்கதான் பாக்கணும். கண்ண எடுத்துராதீங்க." நான் எழுந்து நின்றேன். கையை நீட்டினேன். என் விரல் நுனியில் உன் தலை கறுப்பாக ஒரு புள்ளியாக இருந்தது. அலை ஏறினால் மறையும், இறங்கினால் தெரியும். ஒவ்வொரு தடவை தெரியும்போதும் இன்னும் சின்னதாக இருந்தது. நாங்கள்தான் உன்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தோம், சரவணா. அந்தப் படகு நிற்கவில்லை.

ஜெனி சுக்கான் சக்கரத்தை முழுதாகத் திருப்பினாள். படகு காற்றைப் பார்த்து மெல்ல மூக்கைத் திருப்பியது, பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. முன்னால் அந்தப் பாதிப் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. "இன்ஜினப் போடும்மா" என்று நான் அவளைப் பார்க்காமலே சொன்னேன். "முடியாது அத்தை. கயிறு ஒண்ணு தண்ணிக்குள்ள கெடக்கு. போட்டா அடியில உள்ள இன்ஜின் விசிறில சுத்திக்கிடும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. திரும்பவும் முயன்றாள். திரும்பவும் நின்றது. பிறகு சக்கரத்தை எதிர்ப்பக்கம் விட்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தாள். அப்படிச் சுற்றும்போது இன்னும் தள்ளிப் போனோம். அந்த இடத்தில்தான் நீ காணாமல் போனாய்.

அலை இறங்கியது, நீ இல்லை. அடுத்த அலை இறங்கியது, அப்போதும் இல்லை. தூரத்தில் ஆரஞ்சு வளையம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கண் அதன் பக்கமே ஓடியது. நான் பிடித்து நிறுத்தினேன். "ஜெனி, காணோம்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "கைய எறக்காதீங்க அத்தை. அங்கதான் இருப்பான். கை எங்க இருக்கோ அங்க நான் வருதேன்" என்றாள். வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றேன். படகு திரும்பத் திரும்ப நானும் திரும்பினேன். கடலில் ஒரு அடையாளமும் கிடையாது. ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் வித்தியாசம் கிடையாது. நான் காட்டுகிற இடம் தப்பாக இருந்தால் அவள் தப்பான இடத்துக்குத்தான் போவாள். சாமியைக் கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டால் கை நகர்ந்துவிடுமோ என்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. உன் தலை தெரிந்தபோது அது என் விரலுக்குக் கொஞ்சம் இடதுபக்கம் இருந்தது. கொஞ்சம்தான். "இருக்கான்" என்று சொன்னேன். அவள், "ம்" என்றாள்.

முதல் தடவை உன்னைத் தாண்டிப் போனது உனக்கு நினைவிருக்கும். நீ ஏதோ கத்தினாய், எங்களுக்குக் கேட்கவில்லை. கனமான படகு, வேகம் எடுத்தால் நிற்காது. கயிற்றை வீசினேன், எட்டவில்லை. உன் முகம் எனக்கு அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. உதடு நீலமாக இருந்தது. நாங்கள் உன்னைப் பார்த்துக்கொண்டே உன்னைக் கடந்து போனோம். உலகத்தில் எந்தத் தாய்க்கும் அந்தப் பார்வை வேண்டாம். மறுபடி ஒரு வட்டம், மறுபடி என் கை. இரண்டாம் தடவை அவள் பாயைத் தளர்த்திவிட்டு உனக்குப் பக்கத்தில் படகை நிறுத்திவிட்டாள். கயிற்றை நீ அக்குளுக்குள் மாட்டிக்கொண்டாய். ஆனால் அந்த உயரமான அடைப்பு, காலையிலிருந்து நான் மெச்சிக்கொண்டிருந்த அந்த அடைப்பு, இப்போது உனக்கும் எங்களுக்கும் நடுவே சுவராக நின்றது. ஏணி அடியில் ஏதோ பெட்டிக்குள் இருந்தது. உனக்கு ஏறத் தெம்பில்லை. எங்களுக்குத் தூக்கத் தெம்பில்லை. பாயை மேலே ஏற்றுகிற கயிற்றை உன் கயிற்றோடு மாட்டி, கயிறு சுற்றும் உருளையின் கைப்பிடியை ஜெனி என்னிடம் கொடுத்து, "சுத்துங்க அத்தை, நிறுத்தாம சுத்துங்க" என்றாள். நான் சுற்றினேன். நீ ஒவ்வொரு சாணாக ஏறினாய். படகு ஆடும்போதெல்லாம் உன் உடம்பு பக்கவாட்டில் மோதியது. அவள் உன் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். நீ இருமி, வாந்தி எடுத்து, பிறகு என்னைப் பார்த்து, "இன்னாம்மா அழுவுற, கொஞ்சம் குளிச்சேன், அவ்ளோதான்" என்றாய். உன்னை அறைந்திருப்பேன். கை தூக்க வரவில்லை.

கரைக்கு வந்ததும் நீ படகின் முன்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாய். ஜெனி படகைக் கட்டினாள், பாயை மடித்தாள், உன் ஈரச் சட்டையைக் காயப்போட்டாள். எல்லாம் முடிந்து கீழே வந்து, அந்த ஊஞ்சல் அடுப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டிக்கொண்டது. நான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு நான் எவ்வளவு முரண்டு பிடித்தேன் என்று உனக்குத் தெரியும். சர்ச்சுக்குப் போகிற பெண், எங்கேயோ தெற்கே பிறந்தவள், உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள். அன்றைக்கு அவள் என் மடியில் குழந்தை மாதிரி கிடந்தாள்.

"எனக்கு இந்தப் படகுதான் அத்தை பிடிச்சிருந்துச்சு" என்றாள். "இந்த அடுப்பு, இந்த மேசை. இங்க ஒரு செடி வைக்கலாம்னு பாத்தேன். ஆனா என்னால இதத் தனியா திருப்ப முடியல."

"வெள்ளைய திருப்புவியா?"

"அது சொன்ன பேச்சு கேக்கும். ஒரு கையிலயே திரும்பிரும். பின்னாடி படி தண்ணியத் தொட்டுக்கிட்டு இருக்கு. ஆள அப்படியே உள்ள இழுத்துரலாம்."

"அப்போ அவங்கிட்ட சொல்லும்மா."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம் அத்தை. ரேஸுக்குப் போகணும்னு அவன் ஆசைப்பட்டது வெள்ளை. நான்தான் ஒரு மாசமா சண்டை போட்டு வேண்டாம்னு சொன்னேன். இப்ப போயி பயந்துட்டேன், அதையே வாங்குன்னு சொன்னா, இவள நம்பி எப்படிக் கடலுக்குப் போறதுன்னு நெனைக்க மாட்டானா? நான் பழகிக்கிடுதேன். நீங்களும் சொல்லாதீங்க."

அவளுக்காக நீ நீலத்துக்கு ஒத்துக்கொண்டாய். உனக்காக அவள் அதைப்பற்றி வாய் திறக்கமாட்டாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால், அவளால் தனியாகத் திருப்ப முடியாத ஒரு படகில் ஏறி நடுக்கடலுக்குப் போகப்போகிறீர்கள். அங்கே கையை நீட்டிக் காட்ட மூன்றாவது ஆள் கிடையாது. ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருப்பீர்கள். ஒருவர் விழுந்தால் மிச்சம் இருப்பது ஒருவர்தான். அதனால் அவள் கேட்டுக்கொண்டதை மீறி எழுதுகிறேன். அவள்மேல் கோபப்படாதே. பயந்தவள் இல்லை அவள். பயத்தோடு உன்னைத் திரும்பி வந்து எடுத்தவள்.

நான் கேட்பது இதுதான். வெள்ளைப் படகை வாங்கு. அதைச் சொல்ல என் வாய் கூசுகிறது. அந்தப் படகை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அது பத்திரமானது என்று நான் சொல்லவில்லை. பெரிய காற்றில் அது உங்களைத் தூக்கிப் போட்டு ஆட்டும், நீலம் ஆட்டாது. அதில் நிம்மதியாகத் தூங்க முடியாது, தண்ணீர் போதாது, ஒரு குழம்பு வைக்க முடியாது. தண்ணீருக்குக் கேன் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், படுக்கைக்குப் பக்கத்தில் துணித் தடுப்பு கட்டிக்கொள்ளுங்கள், அந்த ஊஞ்சல் அடுப்பைப்போல் ஒன்று அதற்குள் வைக்க முடியுமா என்று பார். அவள் செடி வைக்கவும் ஒரு இடம் பார். ஆனால் ஜெனி தனியாகத் திருப்பி வரக்கூடிய படகுதான் உனக்கு வேண்டும். அவள் விழுந்தால் நீ தனியாகத் திருப்பி வரக்கூடியதும் அதுதான். வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அலை இருக்கிற நாளாகப் பார்த்து, நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார். ஒரு கேனைக் கடலில் போட்டுவிட்டு அவள் மட்டும் போய் எடுத்து வரட்டும். பிறகு அவள் உட்காரட்டும், நீ எடுத்து வா. தப்பாமல் எடுக்கிற வரைக்கும் செய்யுங்கள். அப்புறம் மிதவைச் சட்டை. மத்தியானமாக இருந்தாலும், காற்றே இல்லாவிட்டாலும், "இதோ வந்துட்டேன்" என்று நீ சொல்லும் இடமாக இருந்தாலும். உடம்பிலிருந்து படகுக்கு ஒரு வார் மாட்டுவீர்களே, அதுவும். இதில் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். செய்.

என் வேலை உனக்குத் தெரியும். கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் எட்டு மணி நேரம். போனைக் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். நீ கிளம்பிய பிறகு, ஒவ்வொரு நாளும் செக்யூரிட்டியின் பெட்டியில் போனைப் போடும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வெளியே வந்து அதை வாங்கும்போது எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார். போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லி நீ கேட்டு, அப்புறம் அந்த ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் உன் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அந்தத் தைரியமும் எனக்கு இல்லை.

நேற்று இவ்வளவும் எழுதி முடித்தபோது உன் அப்பா டூட்டி முடிந்து வந்தார். "இன்னா இம்மாம் பெரிசா எழுதிக்கினு கீற?" என்று கேட்டார். மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். "எந்தக் கை?" என்று கேட்டார். வலது கையைக் காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு" என்றார். உனக்கு இல்லை, அவளுக்கு. கல்யாணமானதிலிருந்து அவளோடு, "நல்லாருக்கியாம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசினதில்லை. அவள் எடுத்ததும், "மாமா பேசறேம்மா" என்றார். கழற்றின பொத்தானைத் திரும்பவும் மாட்டினார். அப்புறம், "அந்த வெள்ளையே எடுத்துக்கங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் உன்னிடம் பேசியிருப்பாள் என்று நினைக்கிறேன். பேசாவிட்டால் நீ பேசு. உன் அப்பா இன்று காலையில் டீக்கடைப் பக்கம் போகவில்லை. வாசலில் நின்று மரத்தில் இலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க காத்து எப்படி கீதுன்னு கேளு" என்றார். நான் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். தினமும் கேட்டில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் உன்னைக் கூப்பிடுவேன். எடு.

அம்மா